வெள்ளைக்கருவுக்குள் என்ன நடந்தது?

வேகவைத்த முட்டையை உரித்துப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று, கெட்டியாக, கத்தி வைத்தால் துண்டாகும் பொருள் உள்ளே இருக்கிறது. கால் மணி நேரத்துக்கு முன்னால் அது கொழகொழவென்று வழிந்து ஓடும் நிலையில் இருந்தது. கிண்ணத்தில் ஊற்றியிருந்தால் கிண்ணத்தின் அடிப்பக்கம் தெரிந்திருக்கும். வேகும்போது புதிதாக எதையும் நாம் சேர்க்கவில்லை. உள்ளே இருந்த எதையும் எடுக்கவும் இல்லை. அதே தண்ணீர், அதே புரதம். அப்படியானால் எதுதான் மாறியது?

“வெப்பத்தால் புரதம் உருக்குலைகிறது” என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் உருக்குலைந்ததை யார் பார்த்தார்கள்? முட்டைப் புரத மூலக்கூறுகளை வரிசையாக நிறுத்தினால் ஒரு மில்லிமீட்டர் இடத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் நிற்கும். பள்ளி ஆய்வகத்து நுண்ணோக்கி இதற்குப் பக்கத்தில்கூட வராது. இருந்தும் அந்தப் புரதம் முன்பு எப்படி மடிந்திருந்தது, வெந்த பிறகு என்ன ஆனது என்று வேதியியலாளர்கள் நிதானமாகச் சொல்லிவிடுகிறார்கள். அதற்கு அவர்களுக்கு உதவுவது அடுப்பின் முன்னால் நிற்கும்போது முகத்தில் சுடுகிற கதிர்தான். அகச்சிவப்புக் கதிர் என்பது அதன் பெயர்.

அதைக் கண்டுபிடித்தவர் வில்லியம் ஹெர்ஷல். முதலில் இசைக்கலைஞராக இருந்தவர், பிறகு வானத்தைப் பார்க்கத் தொடங்கி யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தவர். 1800-ஆம் ஆண்டு இங்கிலாந்தில், சூரிய ஒளியை முப்பட்டகம் வழியே விட்டு, பிரிந்து விழுந்த ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துச் சூட்டை அளந்தார். சிவப்பைத் தாண்டி, நிறமே இல்லாத இடத்தில் வைத்த வெப்பமானி சிவப்பில் வைத்ததைவிட அதிகமாக ஏறியது. கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்று அங்கே விழுந்துகொண்டிருந்தது.

ஒளி என்பது அலை. மூலக்கூறுகளை அறிய உதவும் அகச்சிவப்பின் அலைநீளம் 2.5 முதல் 25 மைக்ரோமீட்டர் வரை. வேதியியலாளர்கள் பெரும்பாலும் அலைநீளத்தைச் சொல்லமாட்டார்கள். ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குள் எத்தனை அலைகள் அடங்கும் என்று எண்ணிச் சொல்வார்கள். அதற்கு அலை எண் என்று பெயர். 2.5 மைக்ரோமீட்டர் என்றால் 4000. 25 மைக்ரோமீட்டர் என்றால் 400. எண் பெரிதாக இருந்தால் துடிப்பு வேகமானது என்று பொருள். இனி இந்தக் கட்டுரையில் 1650, 2900 என்று வருவதெல்லாம் அலை எண்கள்தான்.

இப்போது ஒரு சின்ன வேலை. ஒரு ரப்பர் பேண்டில் அழிரப்பரைக் கட்டித் தொங்கவிடுங்கள். லேசாக இழுத்து விட்டால் விறுவிறுவென்று மேலும் கீழும் ஆடும். அழிரப்பரை எடுத்துவிட்டு ஒரு பூட்டைக் கட்டுங்கள். ஆட்டம் மெதுவாகும். அதே பூட்டை இரண்டு ரப்பர் பேண்டுகளைச் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிடுங்கள். ஆட்டம் மறுபடி வேகமாகும். ஆக, எடை கூடினால் மெதுவு. இழுத்துப் பிடிக்கும் வலு கூடினால் வேகம். அடுத்து, பிடித்திருக்கும் கையையே மேலும் கீழும் அசையுங்கள். ரொம்ப மெதுவாக அசைத்தால் பூட்டு கையோடு சேர்ந்து போய் வரும், அவ்வளவுதான். படபடவென்று அசைத்தால் பூட்டு ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். பூட்டின் சொந்த ஆட்ட வேகத்துக்குக் கை சரியாகப் பொருந்தும்போது மட்டும் அது துள்ளிக் குதிக்கும். கையின் ஆற்றலை அது வாங்கிக்கொள்வது அப்போதுதான்.

மூலக்கூறில் இரண்டு அணுக்களைச் சேர்த்து வைத்திருக்கும் பிணைப்பும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. அது ஒருபோதும் சும்மா இருப்பதில்லை. நீண்டு சுருங்கிக்கொண்டே இருக்கிறது. ஹைட்ரஜன் மிக லேசான அணு, ஆகவே கார்பனோடு சேர்ந்த ஹைட்ரஜன் வேகமாகத் துடிக்கும். அதன் அலை எண் 2900-க்குப் பக்கம். நொடிக்கு எத்தனை முறை என்று கேட்டால், ஏறத்தாழ 87 லட்சம் கோடி முறை! கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பால் சேர்ந்திருந்தால் பிணைப்பு வலுவானது, ஆனால் இரண்டு அணுக்களும் கனமானவை. அதன் இடம் 1700-ஐ ஒட்டி இருக்கும். அகச்சிவப்பு ஒளியின் துடிப்பு எந்தப் பிணைப்பின் துடிப்போடு ஒத்துப்போகிறதோ, அந்தப் பிணைப்பு அந்த ஒளியை விழுங்கிவிடும். எல்லா அலை எண்களும் கலந்த ஒளியை ஒரு பக்கம் அனுப்பி, மறுபக்கம் எவையெல்லாம் குறைந்து வந்தன என்று வரைபடமாக்கினால் அதுதான் அகச்சிவப்பு நிறமாலை. விழுங்கப்பட்ட இடமெல்லாம் படத்தில் முகடாகத் தெரியும்.

ஒரு நிபந்தனை உண்டு. துடிக்கும்போது மூலக்கூறின் மின்னூட்டப் பரவல் மாற வேண்டும். காற்றில் இருக்கும் நைட்ரஜனிலும் ஆக்சிஜனிலும் இரண்டு அணுக்களும் ஒரே மாதிரி என்பதால் அந்த மாற்றம் கிடையாது. அவை ஒளியைத் தொடுவதே இல்லை. ஆனால் நாம் விடும் மூச்சில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு தொடும். கருவிக்கு மிக அருகில் நின்று மூச்சு விட்டால், 2349 என்ற இடத்தில் உங்கள் மூச்சே முகடாக வந்து நிற்கும். புரத நிறமாலை எடுக்க வந்தவருக்கு அது தொல்லை. அதனால் கருவிக்குள் ஈரமில்லாத நைட்ரஜனை ஓடவிடும் வழக்கம் பல ஆய்வகங்களில் உண்டு.

எந்தப் பிணைப்புக்கு எந்த இடம் என்ற பட்டியல் ஒரே நாளில் வந்துவிடவில்லை. அமெரிக்கரான வில்லியம் கோப்லென்ட்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களின் நிறமாலைகளை அளந்து 1905-இல் வெளியிட்டார். அந்தக் காலத்தில் கணினி இல்லை, தானாக வரையும் பேனாவும் இல்லை. ஒவ்வொரு புள்ளியாகக் கருவியைத் திருப்பி, அளந்து, எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் பொறுமைக்குப் பலன் கிடைத்தது. ஒரே வகை அணுக்கூட்டம் எந்தப் பொருளில் இருந்தாலும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் ஒளியை விழுங்குகிறது என்பது தெரிந்தது. அதனால்தான் இன்று எண்ணெயிலும் நெய்யிலும் 1740-க்குப் பக்கம் ஒரு முகட்டையும், 2850, 2920 என்ற இடங்களில் இரட்டை முகடுகளையும் பார்த்தவுடன் “இது கொழுப்பு” என்கிறார்கள். சர்க்கரையும் மாவுச்சத்தும் 1000 முதல் 1100 வரை பெரிதாகத் தெரியும். டி.என்.ஏ.வின் பாஸ்பேட் 1080-இலும் 1240-இலும் தலைகாட்டும்.

சின்ன மூலக்கூறுகளுக்கு இது போதும். உயிர்ப் பொருள்களோ பெரியவை. எவ்வளவு பெரியவை என்று நீங்களே கணக்குப் போடலாம். ஒரு மூலக்கூறில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையை 3-ஆல் பெருக்கி 6-ஐக் கழித்தால், அது எத்தனை விதமாகத் துடிக்கும் என்பது வந்துவிடும். (அணுக்கள் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் இருந்தால் 5-ஐக் கழிக்க வேண்டும்.) தண்ணீரில் 3 அணுக்கள், ஆகவே 3 வகைத் துடிப்பு. முட்டை வெள்ளைக்கருவின் முக்கியப் புரதம் ஓவால்புமின். வெள்ளைக்கருவில் இருக்கும் புரதத்தில் பாதிக்குச் சற்று மேல் இதுதான். 385 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது. அணுக்கள் ஏறத்தாழ 6000. பெருக்கிக் கழியுங்கள்: 18,000-ஐ நெருங்குகிறது! இத்தனை முகடுகளும் 400-க்கும் 4000-க்கும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் எதைப் பிரித்துப் படிப்பது?

நல்லவேளையாக, புரதம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஓர் அமினோ அமிலத்தை அடுத்ததோடு கோக்கும் முறை ஒன்றுதான். 385 அமினோ அமிலங்களுக்கு நடுவில் 384 இணைப்புகள். ஒவ்வோர் இணைப்பிலும் கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு ஒன்று. பக்கத்திலேயே ஹைட்ரஜனைச் சுமந்த நைட்ரஜன் ஒன்று. ஒரே மாதிரி இணைப்புகள் என்பதால் எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தில் ஒளியை விழுங்குகின்றன. அதனால் 1600-க்கும் 1700-க்கும் இடையில் ஒரு பெரிய மேடு எழும்புகிறது. இதை அமைடு ஒன்று என்பார்கள். கொஞ்சம் தள்ளி, 1550-ஐ ஒட்டி, அமைடு இரண்டு. இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அங்கே புரதம் இருக்கிறது என்று ஏறக்குறைய முடிவு கட்டிவிடலாம்.

எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்து வருவதுதான். அந்தப் பெரிய மேட்டின் உச்சி எல்லாப் புரதத்திலும் ஒரே எண்ணில் இருப்பதில்லை. காரணம், சங்கிலி மடியும் விதம். ஓர் இணைப்பின் ஆக்சிஜன், வேறோர் இணைப்பின் ஹைட்ரஜனை மெல்லப் பிடித்து இழுக்கும். இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. இழுபடும் ஆக்சிஜன் தன் கார்பனை முன்புபோல இறுக்கமாகப் பிடித்துக்கொள்ள முடியாது. பிணைப்பு தளர்ந்தால் துடிப்பும் மெதுவாகும் என்று ரப்பர் பேண்டில் பார்த்தோமே. அதோடு அக்கம்பக்கத்து இணைப்புகளின் துடிப்பும் ஒன்றையொன்று பாதிக்கும். சங்கிலி சுருண்டு மேலே ஏறினால், ஒவ்வோர் ஆக்சிஜனும் நான்கு இடம் தள்ளியுள்ள அமினோ அமிலத்தின் ஹைட்ரஜனைப் பிடிக்கிறது. இது ஆல்ஃபா சுருள். உச்சி 1650-ஐ ஒட்டி நிற்கும். சங்கிலியின் பகுதிகள் பக்கம் பக்கமாக நீட்டிப் படுத்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் அது பீட்டா தாள். உச்சி 1620-க்கும் 1640-க்கும் இடையில் இறங்கிவிடும்.

மடிந்த சங்கிலிக்கு ஓர் இடம், நீட்டிய சங்கிலிக்கு ஓர் இடம் என்று எல்லியட், ஆம்ப்ரோஸ் என்ற இருவர் இங்கிலாந்தில் 1950-இல் காட்டினார்கள். ஆல்ஃபா சுருளின் சரியான வடிவத்தை லைனஸ் பாலிங்கின் குழு வெளியிட்டது அதற்கு அடுத்த ஆண்டு. சுருள் எப்படி இருக்கும் என்று தெளிவாகத் தெரிவதற்கு முன்பே அதன் அடையாளம் நிறமாலையில் பதிவாகிவிட்டது!

இனி முட்டைக்கு வரலாம். பச்சை வெள்ளைக்கருவில் ஓவால்புமின் சுருளும் தாளும் கலந்து கச்சிதமாக மடிந்திருக்கிறது. சூடு ஏறும்போது மடிப்பு அவிழ்கிறது. அவிழ்ந்த சங்கிலிகள் தனியாக நிற்பதில்லை. பக்கத்து மூலக்கூறின் சங்கிலியோடு போய்ச் சேர்ந்துகொள்கின்றன. நிறமாலையில் இது அப்படியே தெரிகிறது: 1620-க்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கூர்மையான முகடு, கூடவே 1690-க்குப் பக்கத்தில் சின்னதாக அதன் துணை. வெவ்வேறு மூலக்கூறுகள் பீட்டா தாளாகப் பின்னிக்கொண்டதற்கு இந்த இரண்டும் சேர்ந்த அடையாளம். அந்தப் பின்னலுக்குள் தண்ணீர் சிக்கிக்கொள்வதால் வெள்ளைக்கரு கெட்டியாகிறது. புரதத் திரள்கள் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. குளிர்ந்த பிறகு அது திரும்பத் தெளிவாகாததற்கும் காரணம் இந்தப் பின்னல்தான். அல்சைமர் நோயாளிகளின் மூளையில் சேரும் புரதப் படிவுகளும் தாள்களாக அடுக்கப்பட்டவையே. அவற்றை ஆராய்பவர்களும் இதே பகுதியைத்தான் கூர்ந்து பார்க்கிறார்கள்.

கேட்க எளிதாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். இந்த வேலைக்கு ஒரு பரம எதிரி உண்டு: தண்ணீர். வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு அதுதான். தண்ணீர் ஒளியை விழுங்கும் இடங்களில் ஒன்று 1640. அதாவது, புரதம் பேசும் அதே இடத்தில், அதைவிடப் பல மடங்கு பலமாக. தண்ணீர்ப் படலம் 10 மைக்ரோமீட்டரைத் தாண்டினாலே புரதத்தின் முகடு கிட்டத்தட்ட மூழ்கிப்போகும். இதில் இன்னொரு வேடிக்கை. கண்ணாடி வழியாக இந்த அகச்சிவப்பு போகாது. ஆனால் சோற்று உப்பு வழியாகப் போகும். அதனால் உப்புப் பாறையைச் செதுக்கி முப்பட்டகமும் சன்னலும் செய்தார்கள். உப்புச் சன்னலுக்குள் ஈரமான உயிர்ப் பொருளை வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதிலிருந்து தப்பப் பல வழிகள் கண்டார்கள். ஒன்று, தண்ணீருக்குப் பதில் கனநீர். அதில் ஹைட்ரஜனுக்குப் பதிலாக இருமடங்கு எடையுள்ள டியூட்டீரியம் இருக்கிறது. அழிரப்பருக்குப் பதில் பூட்டைக் கட்டிய கதைதான்: துடிப்பு மெதுவாகி, 1640-இல் நின்ற தண்ணீரின் முகடு 1210-க்கு ஓடிவிடும். புரதத்தின் மேடு அவ்வளவாக நகராது, ஏனென்றால் அது பெரும்பாலும் கார்பன்–ஆக்சிஜன் துடிப்பு. (நம் தூத்துக்குடியில்கூடக் கனநீர் ஆலை ஒன்று கட்டினார்கள். அது அணு உலைகளுக்காக.) இன்னொரு வழி வைரம். சில மில்லிமீட்டர் அளவுள்ள வைரத்தின் அடியிலிருந்து ஒளியைச் சாய்வாக அனுப்பினால், அது மேற்பரப்பில் பட்டு முழுதாகத் திரும்பிவிடும். திரும்பும்போது மேலே இருக்கும் பொருளுக்குள் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வரும். ஒரு சொட்டு பாலோ ஒரு நூலோ, வைரத்தின்மேல் வைத்து அழுத்தினால் போதும். வைரம் கரையாது, கீறல் விழாது, துடைத்துவிட்டு அடுத்ததை வைக்கலாம்.

மூன்றாவதாக ஒரு வழி, 1928-இல் சி.வி. இராமன் கண்டது. பொருளின்மேல் பட்டுச் சிதறும் ஒளியில் ஏற்படும் மாற்றத்திலிருந்து அதே துடிப்புகளைப் படிக்கும் முறை அது. அதில் தண்ணீர் அதிகம் தலையிடாது. அகச்சிவப்புக்குப் பிடிகொடுக்காத நைட்ரஜனும் ஆக்சிஜனும்கூட அதில் தெரியும். இராமன் விளைவுக்குத் தனிக் கட்டுரையே தேவை.

கோப்லென்ட்ஸைப் போல ஒவ்வொரு புள்ளியாக அளக்கும் தொல்லையும் இன்று இல்லை. இப்போதைய கருவி எல்லா அலைகளையும் ஒரேயடியாக அனுப்பி, கலந்து வரும் குறிப்பைக் கணினியிடம் கொடுத்துவிடும். ஃபூரியே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞரின் முறைப்படி கணினி அதைப் பிரித்து அடுக்கும். ஒரு நிமிடத்துக்குள் நிறமாலை திரையில் வந்துவிடும். ஃபூரியே அந்தக் கணிதத்தை உருவாக்கியது, பொருள்களுக்குள் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்தபோது. இன்று அது வெப்பக் கதிரைப் படிக்க உதவுகிறது.

பட்டு வாங்கும் வீடுகளில் ஒரு கேள்வி எப்போதும் இருக்கும்: இது அசல் பட்டா? பட்டு என்பது பட்டுப்புழு நூற்ற புரதம். செயற்கைப் பட்டு என்று விற்கும் விஸ்கோஸ், மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸ். பாலியஸ்டரோ பெட்ரோலியத்திலிருந்து செய்தது. ஒரு நூலை உருவி எரித்துப் பார்த்து, முடி கருகும் வாடை வந்தால் பட்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல சோதனைதான், முடியும் புரதம், பட்டும் புரதம். ஆனால் நூல் போய்விடும். வைரத்தின்மேல் வைத்தால் நூல் பத்திரம். பட்டில் 1620-ஐ ஒட்டியும் 1515-ஐ ஒட்டியும் இரண்டு முகடுகள் எழும்; முதல் எண்ணைப் பார்த்ததும் “பீட்டா தாள்” என்று உங்களுக்கே சொல்ல வந்திருக்கும். பாலியஸ்டர் 1715-இல் காட்டிக்கொடுத்துவிடும். விஸ்கோஸில் 1000 முதல் 1100 வரை பெரிய மேடு இருக்கும். இங்கே ஏமாறவும் இடமுண்டு. விஸ்கோஸ் உறிஞ்சி வைத்திருக்கும் ஈரம் 1640-இல் சின்னதாக எட்டிப் பார்க்கும். அதைப் புரதம் என்று எண்ணிவிடக் கூடாது. அமைடு இரண்டும் கூட இருக்கிறதா என்று பார்க்காமல் முடிவு சொல்லாதவர்தான் தேர்ந்தவர். ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்று மட்டும் இந்தக் கருவியிடம் கேட்காதீர்கள். உலோகம் அகச்சிவப்பை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். அதற்கு எக்ஸ் கதிர்க் கருவி இருக்கிறது.

அகச்சிவப்பு நிறமாலையை மூலக்கூறின் கைரேகை என்று பல புத்தகங்கள் எழுதுகின்றன. ஆஸ்பிரின் போன்ற சின்ன மூலக்கூறுக்கு அது சரி. புரதத்துக்கு அந்தப் பேச்சு கொஞ்சம் அதிகம் என்பேன். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினையும், தசையில் அதைச் சேமிக்கும் மயோகுளோபினையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே பெரும்பாலும் ஆல்ஃபா சுருள். அமைடு ஒன்றை மட்டும் பார்த்தால் எது எது என்று பிரிப்பது மிகக் கடினம். நிறமாலை சொல்வது இது புரதமா, கொழுப்பா, சர்க்கரையா, புரதமென்றால் எப்படி மடிந்திருக்கிறது என்பதைத்தான். பெயர் தெரிய வேண்டுமென்றால் அமினோ அமிலங்களின் வரிசையைப் படிக்கும் வேறு கருவிகளிடம் போக வேண்டும்.

ஆனாலும் முழு உயிரினத்தையே வைத்து ஒப்பிடும்போது கதை மாறுகிறது. ஒரு பாக்டீரியத்தில் புரதம், கொழுப்பு, சர்க்கரைச் சங்கிலிகள், டி.என்.ஏ. எல்லாம் உண்டு, நிறமாலை அவை அனைத்தின் கூட்டுத்தொகை. அந்தக் கலவையின் விகிதம் இனத்துக்கு இனம் சற்றே வேறுபடும். பெர்லினில் உள்ள ராபர்ட் கோக் நிறுவனத்தில் டீட்டர் நவ்மனும் கூட்டாளிகளும் இதை வைத்தே பாக்டீரியங்களை இனம் பிரிக்கலாம் என்று 1991-இல் எழுதினார்கள். நிபந்தனை கடுமையானது: ஒரே உணவு, ஒரே வெப்பநிலை, ஒரே கால அளவில் வளர்த்திருக்க வேண்டும். நன்றாகச் சாப்பிட்ட பாக்டீரியத்தின் நிறமாலை, பட்டினி கிடந்ததன் நிறமாலையைப் போல இருக்காது.

இதே உத்தியைக் கொசுவிடம் காட்டியிருக்கிறார்கள். மலேரியாக் கிருமி அனாஃபிலிஸ் கொசுவின் உடலுக்குள் முதிர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வர ஏறத்தாழ பத்து நாள் அல்லது அதற்கு மேலும் ஆகும். அத்தனை நாள் உயிரோடு இருக்கும் கிழட்டுக் கொசுதான் ஆபத்து. ஆனால் கொசுவைப் பார்த்து வயது சொல்வது எப்படி? அதன் மேல்தோலில் கைட்டின், புரதம், மெழுகு மூன்றும் இருக்கின்றன. வயது ஏற ஏற அவற்றின் அளவுகள் மாறுகின்றன. உலர்த்திய கொசுவை வைரத்தின்மேல் அழுத்தி நிறமாலை எடுத்து, கணினியிடம் கொடுத்து வயதையும் இனத்தையும் கணிக்கும் முறையை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகமும் தான்சானியாவின் இஃபகாரா சுகாதார நிறுவனமும் சேர்ந்து உருவாக்கின. அந்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு அனாஃபிலிஸ் இனங்களைக்கூட இதனால் பிரிக்க முடிகிறது. சிக்கல், ஆய்வகத்தில் சர்க்கரைத் தண்ணீர் குடித்து வளர்ந்த கொசுவைப் பார்த்துப் பழகிய கணினி, வயல்வெளியில் பிடித்த கொசுவைக் கண்டால் தடுமாறும் என்பதுதான். அதனால் இப்போது ஆப்பிரிக்கக் கிராமங்களில் பிடித்த கொசுக்களின் நிறமாலைகளையும் சேர்த்துக் கொடுத்துக் கணினிக்குப் பாடம் நடத்துகிறார்கள்.